இந்த விடுமுறைக்கு ஏரிக்குப் போங்கள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

லிலோங்வே, மலாவி

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

போன சனிக்கிழமை தமிழ் வகுப்பில் மலாவி ஏரியைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னேன். ஆப்பிரிக்காவின் மூன்றாவது பெரிய ஏரி, நீளம் 580 கிலோமீட்டர், ஆழம் சுமார் 700 மீட்டர் என்று எண்ணெல்லாம் சரியாகவே எழுதியிருந்தார்கள். அப்புறம் சும்மா ஒரு கேள்வி போட்டேன்: ஏரித் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா? நல்ல தண்ணீர்தான், ஆனால் பதினொரு பேரில் ஏழு பேர் உப்பு என்றார்கள். அலை அடிக்குது, மணல் இருக்கு, எதிர்க்கரை தெரியல, அப்போ கடல்தானே மிஸ் என்று ஒருத்தி என்னோடு வாதாடவே செய்தாள்.

நம் வீட்டிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் சலிமா தாண்டி செங்கா பேயில் கால் நனைத்துவிடலாம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலை, டீசல் தட்டுப்பாடு, விடுமுறை வந்தால் ஊருக்கு டிக்கெட், எல்லாம் எனக்கும் உண்டு. ஆனால் இந்த ஆகஸ்டில் ஊருக்குப் போகாதவர்கள் பிள்ளைகளை வீட்டில் டேப்லெட்டோடு உட்கார வைக்காமல் நான்கு நாள் காரில் ஏற்றுங்கள். எங்கே போவது என்று வாட்ஸ்ஆப்பில் ஆளாளுக்குக் கேட்டீர்கள், அதற்கு மொத்தமாக இங்கேயே பதில்.

நான் சொல்வது ஏரிக்கரையில் இருக்கும் கேப் மக்ளியர். நேராக விரட்டிக்கொண்டு போகாதீர்கள், வழியும் பார்க்க வேண்டியதுதான். தெற்கே டெட்ஸா வரை மேட்டு நிலம், இந்த மாதத்தில் காலையில் ஸ்வெட்டர் வேண்டும். அங்கே மட்பாண்டம் செய்யும் இடத்தில் ஒரு டீயும் கேக்கும். அந்தப் பக்கத்து மலைகளில்தான் சொங்கோனி பாறை ஓவியங்கள் இருக்கின்றன, 127 இடங்கள், 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை, நடக்கத் தெம்பிருந்தால் வழிகாட்டியோடு ஒன்றிரண்டைப் பாருங்கள். டெட்ஸாவைத் தாண்டி மசாசாவில் இடது பக்கம் திரும்பினால் சாலை பெரும் பிளவுப் பள்ளத்தாக்குக்குள் வளைந்து வளைந்து இறங்கும். ஸ்வெட்டரைக் கழற்றுவதற்குள் காது அடைத்துத் திறந்துவிடும், கீழே பாவோபாப் மரங்களும் வெக்கையுமாக வேறு ஊர் மாதிரி இருக்கும். பிளவுப் பள்ளத்தாக்கு என்று புவியியல் புத்தகத்தில் படித்ததைப் பிள்ளைகள் காதாலேயே உணர்கிற இடம் இது, இறங்கும்போது சொல்லிவையுங்கள்.

இறங்கியதும் கொலோமோட்டிக்கு அருகில் முவா மிஷன். இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். கனடாவிலிருந்து வந்த கிளாட் பூஷே என்ற பாதிரியார் 1976இல் இங்கே குங்கோனி என்ற கலை மையத்தைத் தொடங்கினார், முன்னால் மரச்சிற்பிகள் உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருப்பார்கள், உள்ளே அருங்காட்சியகத்தில் செவா மக்களின் குலே வம்குலு முகமூடிகள் நூற்றுக்கணக்கில் சுவரை நிறைத்துத் தொங்கும். குலே வம்குலு என்றால் பெரிய ஆட்டம். சாவு வீட்டிலும் சடங்கிலும் அந்த முகமூடிக்காரர்கள் ஆடி வருவார்கள், அறுவடை முடிந்த இந்த மாதங்களில் சாலையோரத்திலேயே எதிர்ப்படலாம். அப்படி எதிர்ப்பட்டால் போனை எடுத்து நீட்டாதீர்கள், உள்ளே யார் இருக்கிறார் என்று கேட்கவும் கூடாது, அவர்களுக்கு அது மனிதன் இல்லை, ஆவி. நம் ஊர்க் கோயில் கொடையில் சாமி இறங்கி ஆடுபவரிடம் போய் பேர் என்ன என்று கேட்போமா? பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் சட்டென்று பிடிபடும். என் மகன் ஆறு வயதில் சிவப்பு முகமூடி ஒன்றைப் பார்த்து அலறிவிட்டான், திரும்பி வரும் வழியெல்லாம் அதைத்தான் வரைந்துகொண்டு வந்தான்.

அங்கிருந்து மங்கி பே, அப்புறம் கடைசியாகக் கொஞ்ச தூரம் மலைக்குள் புகுந்தால் கேப் மக்ளியர். ஊர்க்காரர்களுக்கு அது செம்பே. ஏரியின் மீன்களைக் காப்பதற்காகவே அமைத்த தேசியப் பூங்கா, 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம், நடுவில் ஒரு மீனவக் கிராமம். கரையோரம் முழுக்க மூங்கில், நாணல் தட்டிகளை மேஜை மாதிரி நிறுத்தி உசிபா காயப்போட்டிருப்பார்கள். விரல் நீள வெள்ளி மீன். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் நாகப்பட்டினமோ தூத்துக்குடியோ என்று நினைப்பீர்கள், அப்படியே நெத்திலிக் கருவாட்டு வாசம். ஆனால் உப்புக்காற்று மட்டும் இருக்காது, பிசுபிசுப்பு இல்லாத கடற்கரை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

படகுக்காரரோடு பேசி தம்பி மேற்குத் தீவுக்குப் போங்கள் (தீவின் பேரே தம்பி, பிள்ளைகள் சிரித்து மாளாது). நீச்சல் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் அவர்களிடமே இருக்கும், லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று மட்டும் ஏறும் முன் பார்த்துவிடுங்கள். பாறையோரத்தில் முகத்தை நீருக்குள் வைத்தால் நீலம், மஞ்சள், கோடு போட்டது என்று ம்புனா மீன்கள் கைக்கெட்டும் தூரத்தில் பாறைப் பாசியைக் கொறித்துக்கொண்டிருக்கும். கடையில் கண்ணாடித் தொட்டியில் விற்கும் அதே மீன்கள்தான். அவற்றில் தாடை உப்பி, எதையும் தின்னாமல் ஒதுங்கி நிற்கும் மீன் ஒன்று கண்ணில் படுகிறதா என்று தேடச் சொல்லுங்கள். அது தாய், முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துச் சுமார் மூன்று வாரம் அடைகாக்கும். இந்த ஒரு ஏரியில் இருக்கும் அளவுக்கு மீன் வகை உலகில் வேறு எந்த ஏரியிலும் கிடையாது.

இரவில் சீக்கிரம் தூங்கிவிடாதீர்கள். நிலா இல்லாத இரவாக இருந்தால் உசிபா பிடிக்கும் படகுகள் விளக்கேற்றிக்கொண்டு ஏரிக்குள் போய் நிற்கும். தூரத்தில் ஒரு ஊரே மிதப்பது போல வரிசையாக வெளிச்சம் தெரியும்.

இப்போது பயமுறுத்தும் பகுதி. ஏரியில் பில்ஹார்சியா உண்டு. நத்தையிலிருந்து வெளியேறும் நுண்ணிய புழு தோல் வழியாக உடம்புக்குள் போய்விடும். நாணலும் செடியும் மண்டிய, தேங்கிய கரையில் இறங்காதீர்கள், ஆனால் மற்ற இடமெல்லாம் சுத்தம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எங்கள் வீட்டில் எனக்கே வந்தது. ஏரியிலிருந்து திரும்பிய மறுநாளே மாத்திரை போட்டுக்கொண்டு ஆயிற்று என்று இருந்துவிட்டேன், அது தப்பு, அந்த மாத்திரை வளர்ந்த புழுவைத்தான் கொல்லும், அதனால் சில வாரம் கழித்து டாக்டரிடம் கேட்டுப் பரிசோதனை செய்துகொண்டு சாப்பிட வேண்டும். காலண்டரில் இன்றே குறித்து வையுங்கள். மலேரியா விஷயம் உங்களுக்குத் தெரியும், கொசுவலையில் ஓட்டை இருந்தால் தைத்து எடுத்துப் போங்கள். முதலை, நீர்யானை பற்றி ஊர்க்காரர் சொன்னதைக் கேளுங்கள், வாதாட வேண்டாம். இந்த மாதங்களில் ம்வேரா என்ற தென்கிழக்குக் காற்று திடீரென்று கிளம்பும், அன்றைக்குப் படகுக்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இரவில் கார் ஓட்டவே ஓட்டாதீர்கள், விளக்கில்லாத சைக்கிளும் ஆடும் நடுரோட்டில் இருக்கும்.

சாப்பாடு: ந்சிமா நம் களிக்குப் பங்காளி, கையால் உருட்டித்தான் சாப்பிட வேண்டும், உட்காரும் முன் ஒருவர் கையில் தண்ணீர் ஊற்றுவார். மீன் சாப்பிடுபவர்கள் சாம்போவை முழுசாகப் பொரித்ததாகக் கேளுங்கள், வலைபோட்டு வாரியதில் சாம்போ இப்போது குறைந்துவிட்டது, விலையும் அப்படித்தான். சைவக் குடும்பங்கள் பயப்பட வேண்டாம், பீன்ஸும் கீரையும் எங்கேயும் கிடைக்கும், நந்தோலோ என்று கேட்டால் துவரை வரும், இங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறுகிற அதே துவரைதான். வழியில் பையன்கள் குச்சியில் வரிசையாகச் செருகி விற்பது எலி. முகம் சுளிக்காமல் கடந்து போனால் போதும்.

ஒரு வாரம் இருப்பவர்கள் மங்கோச்சி வழியாக லிவொண்டே தேசியப் பூங்காவுக்குப் போய் ஷிரே நதியில் படகில் யானை பாருங்கள், ஏரித் தண்ணீர் வெளியேறும் ஒரே ஆறு அது. ஸோம்பா, முலாஞ்சே மலைகள் இன்னொரு விடுமுறைக்கு. லிக்கோமா தீவின் பெரிய தேவாலயத்தைப் பார்க்க இலாலா கப்பலில் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டீர்கள். 1951 முதல் ஏரியில் ஓடும் கப்பல், வயசானது, ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் பையைக் கட்டுங்கள்.

வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. வழியில் சந்தித்த ஒருவரிடம் பிள்ளையே போய் சிச்சேவா மொழியில் ‘முலி ப்வாஞ்சி’ என்று நலம் விசாரித்து, அவரோடு பேசியதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், எனக்குக் கையெழுத்து தெரியும். போனில் பார்த்து நீளம், ஆழம் எழுதினால் மதிப்பெண் கிடையாது. செப்டம்பர் முதல் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்பு.

உங்கள்,
தலைமையாசிரியர்

பி.கு: போன வருஷம் ஒருவர் அன்போடு எனக்கு உசிபாக் கருவாடு கொண்டுவந்து வகுப்பு அலமாரியில் வைத்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார். இந்த முறை கையில் கொடுங்கள்.