புராஜெக்ட் வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு: எந்தச் சோதனை என்று கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்கள்

தமிழக-கேரள எல்லைப் பகுதிக் கல்லூரிகளில் பி.எஸ்.சி. மாணவர்களின் புராஜெக்டுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும், வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வரும் வெளித் தேர்வாளர்களுக்கும் வணக்கம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் புள்ளியியல் டியூஷன் எடுப்பவள் நான். பிப்ரவரி பிறந்துவிட்டால் பாடம் படிக்க வருகிறவர்களைவிட பென்டிரைவோடு வருகிறவர்கள்தான் அதிகம். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று செக்போஸ்டுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வருவார்கள். விலங்கியல், தாவரவியல், வேதியியல் எதுவானாலும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, டேட்டா எல்லாம் எடுத்தாச்சு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மட்டும் போட்டுக் குடுங்க." என்ன சோதனை போடணும் என்று கேட்டால், "போன வருஷம் சீனியர் அனோவா போட்டிருந்தாங்க" என்று பதில் வரும். (பல குழுக்களின் சராசரிகளை ஒரே தடவையில் ஒப்பிடும் சோதனைதான் அனோவா.)

பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பைண்டிங்குக்கு முந்தின நாள் செய்யும் வேலைதான் புள்ளியியல் என்ற பழக்கம் அவர்களுக்கு மேலிருந்து வந்தது. அதனால் உங்களிடம் கேட்கிறேன்: எந்தச் சோதனை என்று முடிவாகாமல் தலைப்புத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பதற்கு நம் ஊர்த் தண்ணீரே சாட்சி.

பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கலாம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆண்டு தவறாமல் யாராவது இந்தத் தலைப்பை எடுக்கிறார்கள், நல்ல தலைப்புதான். வழக்கமாக நடப்பது இது: எருத்தேம்பதியில் ஒரு போர்வெல், சித்தூர் டவுனில் ஒரு போர்வெல். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பாட்டில் தண்ணீர். ஒவ்வொரு பாட்டிலுக்கும் மூன்று ரீடிங். அப்புறம் ஊருக்கு மூன்று மாதிரி என்று எழுதி இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை போட்டால், பி-மதிப்பு 0.001-க்கும் கீழே வந்து நிற்கிறது. (உண்மையில் வித்தியாசமே இல்லையென்றால், இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி-மதிப்பு. அது 0.05-க்குக் கீழே போனால் 'வித்தியாசம் உண்டு' என்பது வழக்கம்.) "எருத்தேம்பதி நீரில் ஃபுளோரைடு கணிசமாக அதிகம்" என்று முடிவுரையும் தயார்.

அந்த மூன்று ரீடிங்கும் சொல்வது கருவி எவ்வளவு நிலையாக அளக்கிறது என்பதை மட்டும்தான். ஊரைப் பற்றிப் பேச வேண்டுமானால் எண்ண வேண்டியது போர்வெல்களை. அப்படி எண்ணினால் இங்கே மாதிரி அளவு ஊருக்கு ஒன்று. ஒன்றை வைத்து எந்தச் சோதனையும் போட முடியாது. சூழலியல் ஆய்வுகளில் இந்தத் தவறு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இலேயே விலாவாரியாக எழுதிவிட்டார். போலி மறுசெய்கை என்று சொல்லலாம். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் இதற்கு மருந்து கிடையாது. ஊருக்கு எட்டு போர்வெல்லில் ஒவ்வொரு பாட்டில் பிடித்திருந்தால் போதும். பஸ் காசு கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அதைத் தண்ணீர் பிடிக்கப் போவதற்கு முன்னால் யாராவது சொல்லியிருக்க வேண்டும். பிப்ரவரியில் நான் சொல்லி என்ன பயன்?

இதே போர்வெல்களில் மழைக்கு முன்னும் பின்னும் அளந்தால் கணக்கே வேறு. அப்போது ஒவ்வொரு கிணறும் தனக்குத்தானே ஜோடி. கிணற்றுக்குக் கிணறு அளவு ஏகத்துக்கும் மாறும் ஊரில், ஜோடியைப் பிரித்துவிட்டுச் சாதாரண டி-சோதனை போட்டால் மழை செய்த மாற்றம் அந்த ஏற்ற இறக்கத்தில் காணாமல் போய்விடும். ஜோடி டி-சோதனையோ, மாற்றங்களை வரிசைப்படுத்திப் பார்க்கும் வில்காக்சன் ஜோடிச் சோதனையோதான் சரி. வில்காக்சனில் ஒரு சங்கதி உண்டு. ஐந்து ஜோடி மட்டும் இருந்தால், ஐந்துமே ஒரே திசையில் மாறினாலும், கூடியதா குறைந்ததா என்று இரண்டு திசையையும் பார்க்கும் இருபக்கச் சோதனையில் பி-மதிப்பு 0.0625-க்குக் கீழே இறங்காது. ஆறு ஜோடி என்றால் 0.031 வரை இறங்கும். ஜோடி இல்லாத இரண்டு குழுக்களை வரிசைப்படுத்தி ஒப்பிடும் மான்-விட்னியில் மூன்று செடித் தொட்டிக்கு மூன்று தொட்டி என்று ஒப்பிட்டால் ஆகக் குறைந்த பி-மதிப்பே 0.1. செடி எப்படி வளர்ந்தாலும் 0.05-ஐத் தொட முடியாத ஆய்வை மூன்று மாதம் செய்ய விடுகிறோம்.

அடுத்தது, எண்ணிக்கைகளை ஒப்பிடும் கை-ஸ்கொயர். பஞ்சகவ்யத்தில் ஊறிய பச்சைப்பயறு இருபதில் 14 முளைத்தது, வெறும் தண்ணீரில் ஊறியது இருபதில் 8 முளைத்தது என்று வைத்துக்கொள்வோம். மாணவர் இதை 70 சதவீதம், 40 சதவீதம் என்று மாற்றி அந்தச் சதவீதங்களையே கட்டங்களில் போடுகிறார். விடை 18.18 வருகிறது. தாண்ட வேண்டிய எல்லை 3.84 என்பதால் ஒரே கொண்டாட்டம். உண்மையான எண்ணிக்கையைப் போட்டுப் பாருங்கள். திருத்தம் எதுவும் சேர்க்காமல் வருவது 3.64, எல்லையைத் தாண்டவில்லை. நாற்பது விதை வைத்திருந்தவர் சதவீதமாக்கியதும் இருநூறு விதை வைத்திருந்ததாகக் கணக்கு நம்பிவிடுகிறது. கை-ஸ்கொயருக்குத் தலைகளை எண்ணித்தான் தர வேண்டும். சதவீதம், சராசரி, சென்டிமீட்டர் எதுவும் அங்கே கூடாது. எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஐந்துக்கும் கீழே போகும் சின்ன அட்டவணை என்றால் ஃபிஷரின் துல்லியச் சோதனை இருக்கிறது.

ஐந்து உரங்களை ஒப்பிடப் பத்து டி-சோதனை போடுவதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பத்துச் சோதனை என்றால் ஒன்றாவது தவறாக 'வித்தியாசம் உண்டு' என்று சொல்லும் வாய்ப்பு 40 சதவீதம். ஒரே தரவைப் பகிர்ந்துகொள்வதால் அது கொஞ்சம் குறையும், ஆனால் நாம் நினைக்கும் 5 சதவீதத்தில் நிற்காது. முதலில் அனோவா, அப்புறம் எந்த ஜோடியில் வித்தியாசம் என்று பார்க்கும் டூக்கி. சீனியர் போட்ட அனோவா இங்கே பொருந்தும்.

தென்னை வெள்ளை ஈக்கு வருவோம். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இன்றும் பிள்ளைகளுக்குப் பிடித்த தலைப்பு. ஓலைக்கு ஓலை எண்ணினால் 0, 0, 2, 1, 0, 140 என்று வரும். இதன் சராசரி கிட்டத்தட்ட 24, அப்படி ஓர் ஓலை அங்கே கிடையவே கிடையாது. இப்படி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும் தரவுக்கு இடைநிலையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) மான்-விட்னியும் பொருத்தம். இரண்டு தோப்புக்கு மேல் என்றால் கிரஸ்கல்-வாலிஸ். எதைப் போட்டாலும் முதலில் புள்ளிகளைத் தாளில் வரையச் சொல்லுங்கள்.

வெளித் தேர்வாளர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. "மாதிரி முப்பதுக்குக் கீழே, டி-சோதனை எப்படிப் போட்டாய்?" என்று வைவாவில் கேட்டு ஒரு பெண்ணை அழவைத்த கதை என்னிடம் வந்தது. வில்லியம் கோசெட் 1908-இல் அந்தச் சோதனைக்கு வழி போட்டதே சிறிய மாதிரிகளுக்காகத்தான். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர் அவர். முதலாளி பெயர் போட விடாததால் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். கள்ளுக்குப் பேர்போன சித்தூரில் இருந்துகொண்டு இதைத் தெரியாமல் இருக்கலாமா! சிறிய மாதிரியில் பார்க்க வேண்டியது, தரவு ஒரேயடியாகக் கோணிக்கொண்டிருக்கிறதா, தனித்து நிற்கும் மதிப்பு உண்டா என்பதை. ஆறு எண்ணுக்கு ஷாப்பிரோ-வில்க் என்ற இயல்நிலைச் சோதனை போட்டு 'இயல்நிலைப் பரவல்தான்' என்று எழுதச் சொல்வதும் வீண். ஆறு எண்ணில் அந்தச் சோதனைக்கு அநேகமாக எதுவும் கண்ணில் படாது.

இரண்டாவது, 0.05-க்கு மேல் வந்தால் "ரிசல்ட் வரலையா?" என்று கேட்காதீர்கள். அந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் ஒரு சோதனை சரிவராவிட்டால் இன்னொன்று என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள். ஓர் எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள் என்று அமெரிக்கப் புள்ளியியல் கழகமே 2016-இல் அறிக்கை விட்டது. வித்தியாசம் எவ்வளவு, அதன் நம்பக இடைவெளி (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லைகள்) எது என்று கேளுங்கள். தமிழிலோ மலையாளத்திலோ சொன்னால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். தலைப்புத் தாளோடு இன்னொரு தாள் கேளுங்கள். அளப்பதா, எண்ணுவதா, வரிசைப்படுத்துவதா? தனித்தனி அலகுகள் எத்தனை? எத்தனை குழு? அதே அலகை இரண்டு முறை பார்க்கிறோமா, வேறு வேறு அலகுகளா? இதற்கெல்லாம் பதில் எழுதி, எண்களே இல்லாத வெற்று அட்டவணை ஒன்றை வரைந்து, கீழே சோதனையின் பெயரை மாணவரே எழுதட்டும். வரைய வராதவர்களைத் தலைப்பு முடிவாகும் மாதத்தில் என்னிடம் அனுப்புங்கள், ஒரு பிற்பகல் போதும், காசு வேண்டாம். அந்தத் தாளைத் தேதியோடு புராஜெக்டின் பின்னிணைப்பாகச் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். வைவாவில் முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் கேள்வி கேட்கலாம்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு புள்ளியியல் டியூஷன் டீச்சர்