பனையடியில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு

உடன்குடிப் பக்கம் தேரிமணலில் பனைத்தொழில் செய்யும் மாமாவுக்கும் அத்தைக்கும், மணப்பாட்டில் ஓலை பின்னும் ஆச்சிமாருக்கும் வணக்கம்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து அம்மாவின் ஊருக்கு வந்திருந்த சென்னைப் பெண்தான் எழுதுகிறேன். இதுவரை செய்யாததை எல்லாம் ஒரே நாளில் செய்து பார்த்துவிடுவது என்று கிளம்பி வந்தவளை நீங்கள் யாரும் ஓரமாக உட்கார வைத்து வேடிக்கை காட்டவில்லை. வேலையைக் கையில் கொடுத்தீர்கள். இந்த மடல் அதற்காகத்தான்.

உங்களுக்கு நேரம் சும்மா கிடக்கவில்லை என்பது எனக்கு அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. பதநீர்க் காலத்தில் பனையேறிக்கு ஓய்வு நாள் கிடையாது. பாளையைத் தினமும் மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். விட்டால் சீவிய இடம் காய்ந்து சுரப்பு நின்றுவிடும். வெயில் ஏறுவதற்குள் எல்லா மரத்திலும் கலயத்தை இறக்கியாக வேண்டும். அந்த அவசரத்துக்கு நடுவில் மாமா என் காலில் திளாப்பை, அதுதான் மரமேறக் காலில் மாட்டும் கயிற்று வளையத்தை, மாட்டிவிட்டு, "கையை நம்பாத தாயி, காலை நம்பி ஏறு" என்று கீழே நின்று பார்த்துக்கொண்டார். இரண்டாள் உயரம்கூடப் போகவில்லை, அதற்குள் முழங்கையெல்லாம் சிராய்ப்பு. பொம்பளப் பிள்ளையை மரத்தில் ஏத்துறியே என்று வழியில் போன தாத்தா கேட்டதற்கு, "பனைக்கு அதெல்லாம் தெரியாது அண்ணாச்சி" என்றீர்களே மாமா, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

பனையோலையை மடித்துச் செய்த பட்டையில் ஊற்றிக் கொடுத்த பதநீருக்கும் நன்றி. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் அதுவே புளித்துக் கள்ளாகிவிடும் என்பதையும் அன்றுதான் கற்றேன்.

அத்தை, பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்குள் உங்கள் பக்கத்தில் நின்ற நேரம்தான் எனக்குப் பெரிது. வெளியே வெயில், உள்ளே அடுப்பு, கண்ணெல்லாம் புகை. பதநீர் பொங்கி விளிம்புக்கு வந்தபோது நான் அலறினேன். நீங்கள் அசையாமல் இடித்த ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போட்டீர்கள், நுரை அடங்கிவிட்டது. அது கூப்பனி என்னும் கெட்டிப் பாகாகக் குறுகி வரும்வரை துடுப்பை என்னிடமே விட்டீர்கள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது உருளுகிறதா என்று விரலால் தொட்டுப் பதம் பார்ப்பதையும் சொல்லிக் கொடுத்தீர்கள். அந்த ஒரு நிமிடம் தவறினால் அத்தனை உழைப்பும் கரிந்துபோகும், அப்படியும் துடுப்பைப் பிடுங்கவில்லை. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டுப் பத்து லிட்டர் பதநீர் வேண்டும் என்ற கணக்கு தெரிந்த பிறகு, கருப்பட்டி வார்க்கும் சிரட்டைக்கு வெளியே நான் சிந்தியதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் அதை வழித்து என் கையிலேயே வைத்துத் தின்னச் சொன்னீர்கள்.

இனி கடையில் யாராவது கருப்பட்டி விலை அதிகம் என்றால் நான் சண்டைக்குப் போவேன். சீனி கலந்து விற்பவர்களோடு தனிச் சண்டை.

மணப்பாட்டில் ஓலைப்பெட்டி பின்னியதைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது. அடி பின்னுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மீதியை ஆச்சிகள் பேசிக்கொண்டே முடித்து என்னிடம் தந்து, "நீ பண்ணதுன்னே சொல்லு" என்றார்கள். சொல்லவில்லை ஆச்சி. அடி மட்டும்தான் என்னுடையது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். கோணலாக இருப்பதைப் பார்த்தே எல்லோரும் நம்பினார்கள்.

என்னைத் தனியாக அனுப்பப் பயந்தாலும் சரி என்ற அம்மாவுக்கும், திரும்பி வரும்போது கடைசிப் பேருந்தை எனக்காகக் கை காட்டி நிறுத்திய டீக்கடை அண்ணனுக்கும் நன்றி.

படங்களை அச்செடுத்துத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அத்தை, அடுப்படியில் எடுத்ததில் உங்கள் முகம் புகையில் சரியாகத் தெரியவில்லை. மாமா மரத்து உச்சியில் இருப்பது மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது. அதை வைத்து அவர் உங்களைக் கேலி செய்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சிராய்ப்பு ஆறிவிட்ட சென்னைப் பெண்