தேயிலைக்கு முன்பிருந்த தவளைகள்

பேராதனை

அன்புள்ள சிநேகிதிக்கு,

நலம், நலமறிய ஆவல். பொகவந்தலாவைக்கு மாற்றம் கிடைத்ததையும், உயர்தர உயிரியல் வகுப்பு முழுவதையும் உன்னிடமே ஒப்படைத்திருப்பதையும் அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்பதை அடுத்த கடிதத்தில் அவசியம் எழுது. ஆய்வுகூடத்தில் இவ்வளவு காலமும் அப்படி என்னதான் செய்தாய், இனி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டிருந்தாய். ஊரில் கேட்பவர்களுக்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறேன். உனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

என் சிறப்புப் பட்ட ஆய்வு நம் மலைகளின் புதர்த் தவளைகளைப் பற்றியது. மழை விட்ட மாலையில் ஓடையோரச் செடிகளிலிருந்து 'டிக், டிக்' என்று கேட்கும் ஓசையைப் பலரும் பூச்சியின் சத்தமென்றே நினைப்பார்கள். அது பெருவிரல் அளவேயுள்ள ஆண் தவளையின் அழைப்பு. சூடோபிலோட்டஸ் என்னும் இந்தச் சாதியில் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியை உயிரியலில் சாதி என்போம்) 70-க்கும் மேற்பட்ட இனங்கள் இலங்கையிலிருந்து பதிவாகியுள்ளன. அவை இந்தத் தீவுக்கே உரியவை. இவற்றில் பெரும்பாலானவை தண்ணீரைத் தேடிப்போய் முட்டையிடுவதில்லை. ஈர மண்ணில் சிறு குழி பறித்து, முட்டைகளை இட்டு, மண்ணால் மூடிவிடும். தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிந்து, வெளிவரும்போதே நான்கு கால்களுடன் குட்டித் தவளையாக வந்துவிடும். குளமே தேவையில்லாத இந்தத் தவளைகள் மலைச்சரிவுகளிலெல்லாம் பரவிப் பல இனங்களாகப் பிரிந்தன. ஆனால் அந்த முட்டைக்குக் காட்டு மண்ணின் ஈரமும் நிழலும் இல்லாமல் முடியாது. காடு போனால் அந்த இனமும் போய்விடும்.

ஆய்வுகூட வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், உன் மாணவர்களுக்கு உதவும். உரிய அனுமதி பெற்றே காட்டுக்குள் போவோம். தவளையின் வாயினுள் பஞ்சுக் குச்சியால் மெல்ல ஒற்றியெடுத்துவிட்டு, பிடித்த இலையிலேயே அதை விட்டுவிடுவோம். அந்தப் பஞ்சைப் புரதத்தைக் கரைக்கும் நொதியத்தில் 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஓர் இரவு ஊறவைத்து, டி.என்.ஏயைப் பிரித்தெடுத்து, அதைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் இயந்திரத்தில் வைப்போம். ஏறத்தாழ 95 பாகையில் இரட்டை இழைகள் பிரியும். வெப்பம் இறங்கிய பின் 72 பாகையில் டாக் என்னும் நொதியம் புதிய இழையைக் கட்டும். அவ்வளவு வெப்பத்தையும் தாங்கும் அந்த நொதியம், அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் கண்டெடுத்த ஒரு பற்றீரியாவினுடையது. தோமஸ் ப்ரொக்கும் அவருடைய மாணவரும் 1969-இல் அதை விவரித்து எழுதியபோது பிசிஆர் என்ற முறையே பிறந்திருக்கவில்லை. அது வந்தது 1983-இல். 'இதனால் என்ன பயன்' என்று எங்கள் ஊரில் யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இந்த வேலையில் என்னை மிகவும் கவர்ந்தது நீர் இட்ட ஒரு சிறு சோதனைக் குழாய். ஒவ்வொரு தடவையும் தவளையின் டி.என்.ஏ எதுவும் சேர்க்காமல், மற்ற எல்லாப் பொருட்களோடும் நீரை மட்டும் இட்டு ஒரு குழாயை வைப்போம். பிறகு, டி.என்.ஏயைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லைப் புறவூதா ஒளியில் பார்க்கும்போது, அந்தக் குழாய்க்குரிய வரிசை இருண்டே கிடக்க வேண்டும். மற்ற வரிசைகளில் பட்டைகள் எவ்வளவு பிரகாசமாகத் தெரிந்தாலும் சரி, நீருக்குரிய வரிசையில் மங்கலாக ஒரு கோடு தென்பட்டால் வேறெங்கிருந்தோ டி.என்.ஏ கலந்துவிட்டது என்று பொருள். அன்றைய வேலை முழுவதையும் கழித்துவிட வேண்டியதுதான். என் மேற்பார்வையாளர் படத்தைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது அந்த இருண்ட வரிசையைத்தான். நம் விருப்பத்துக்கு ஏற்ற விடை வந்துவிடுமோ என்று முன்கூட்டியே காவல் வைக்கும் இந்தப் பழக்கத்தின் மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

அந்தக் காவல், முடிவுகளை எழுத உட்கார்ந்தபோது இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டது. ஒரே தோட்டத்தின் இரு பக்கமும் எஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளின் தவளைகள், ஒரே இனமாக இருந்தும், இழைமணி (மைட்டோகொண்ட்ரியா) டி.என்.ஏயில் வேறுபட்டிருந்தன. நடுவில் தேயிலை மலை இருப்பதால் தேயிலைதான் அவற்றைப் பிரித்தது என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அந்த டி.என்.ஏயில் நான் படித்த பரம்பரையலகு (மரபணு) மெதுவாக மாறுவது. அதில் புதிய விகாரங்கள் சேர்ந்து இரு கூட்டங்கள் இப்படி விலகி நிற்பதற்கு, தேயிலை வந்து கழிந்த ஏறத்தாழ 150 ஆண்டுகள் போதா. அந்த மலைமுகடும் பள்ளத்தாக்கும் தேயிலையை விட எவ்வளவோ மூத்தவை. பிரிவு அவற்றால் வந்ததாக இருக்கலாம். மேலும் இழைமணி தாய்வழியாகவே வருவதால், ஓர் ஆண் தவளை தேயிலைக்கூடாகக் கடந்து மறுபக்கம் இணை சேர்ந்திருந்தாலும் அதில் தடயம் இராது. மலை பிரித்தது எவ்வளவு, பயிர் பிரித்தது எவ்வளவு என்பதை என் தரவுகளால் சொல்ல முடியாது என்றே ஆய்வேட்டில் எழுதினேன்.

இனி நான் ஆராய விரும்புவது அந்தக் கேள்வியைத்தான். அதற்குக் காடு வெட்டப்படும் முன் வாழ்ந்த தவளைகள் வேண்டும். அவை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் போன்ற இடங்களில் புட்டிகளில் இருக்கின்றன. டி.என்.ஏயைப் பிணைத்துக் கெடுக்கும் போர்மலின், 1890களில்தான் உடல்களைப் பதப்படுத்தப் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முந்தியவை பெரும்பாலும் மதுசாரத்தில் வைக்கப்பட்டவை, அவற்றில் டி.என்.ஏ துண்டு துண்டாகவாவது எஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. கெலார்ட் என்னும் இயற்கை ஆய்வாளர் 1853-இல் நுவரெலியாவிலிருந்து விவரித்த நட்சத்திரப் புள்ளித் தவளை அழிந்துவிட்டதென்றே எல்லோரும் எண்ணியிருக்க, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு சிவனொளிபாதமலைக் காட்டில் அது மீண்டும் காணப்பட்டதாக 2013-இல் ஆய்வறிக்கை வெளியானது. அதே சாதியின் பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

முதலில் கோப்பிக்காக மலைக்காடு விழுந்தது. 1867-இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869-இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. பிறகு மலையெல்லாம் தேயிலையாயிற்று. துரைமார் வெட்டச் சொன்ன காட்டில் கோடரி பிடித்த கைகள் நம் பூட்டன்மாருடையவை. அந்த வேலையிலேயே அவர்களில் எத்தனையோ பேர் மாண்டும் போனார்கள். இந்த மலைகளில் எந்த உயிர் எப்போது மறைந்தது என்று கணக்கெடுக்கும்போது, அந்தக் கணக்கை எழுதுபவர்களில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வந்த ஒருத்தியும் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆகவே கலாநிதிப் பட்டத்துக்காகப் பழைய மாதிரிகளின் டி.என்.ஏயை ஆராயும் வெளிநாட்டு ஆய்வுகூடங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். இப்போது தற்காலிக உதவி விரிவுரையாளராக வேலை செய்கிறேன். சம்பளம் சமாளிக்கப் போதும். அப்பாவுக்கு நான் ஆசிரிய நியமனம் எடுத்து மஸ்கெலியாவுக்கே வந்துவிட வேண்டும் என்ற ஆசை. அவருடைய கவலையில் நியாயம் இருக்கிறது, தங்கையின் படிப்பும் இருக்கிறது. படித்து முடித்ததும் திரும்பி வந்து இங்கேயே கற்பிப்பேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவரை ஆற்றுவதற்காக மட்டும் அதைச் சொல்லவில்லை. இந்தத் தவளைகளும் காடுகளும் இங்கேதான் இருக்கின்றன. கூர்ப்பு (பரிணாமம்) என்ற பாடத்தை டார்வினின் குருவிகளோடு நிறுத்திவிடாமல், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலுள்ள ஓடையிலிருந்து தமிழில் தொடங்கிக் கற்பிக்க வேண்டும் என்பதும் என் நெடுநாள் எண்ணம்.

உன்னிடம் இரண்டு உதவிகள் கேட்கிறேன். உன் பாடசாலைக்கு அருகில் காட்டுத் துண்டு ஏதாவது இருந்தால், மழைக்குப் பின் மாலையில் கேட்கும் தவளை ஓசைகளை மாணவர்கள் பெரியவர் ஒருவரோடு போய்த் தொலைபேசியில் பதிவு செய்யட்டும். இடத்தையும் நேரத்தையும் குறிக்கட்டும். எதையும் பிடிக்க வேண்டாம். அடுத்தது, விண்ணப்பத்துடன் அனுப்பவிருக்கும் ஆய்வுத் திட்டத்தின் தமிழ் வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். உயர்தர மாணவன் ஒருவனுக்கு விளங்காது என்று உனக்குத் தோன்றும் வரிகளின் கீழெல்லாம் கோடிட்டு, மாத முடிவுக்குள் திருப்பி அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் சிநேகிதி