லேமினேஷன் போட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கூடலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜாதிச் சான்று, பேரனின் காலேஜ் அட்மிஷன் என்று ஏதாவது வந்துவிட்டால், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் லைன் வீடுகளில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருக்கும் எங்கள் ஜனங்கள் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து பழைய குடும்ப அட்டையை எடுத்துக்கொண்டு வருவார்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்குக் கிடைத்த அட்டை. ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்றுக்கொண்ட கணக்கு 5,25,000 பேர். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து வந்த கதைக்குப் பல வீடுகளில் அது ஒன்றுதான் அத்தாட்சி.

வந்ததும், "லேமினேஷன் போட்டுக் குடுங்க தம்பி" என்பார்கள். போட மாட்டேன். வருகிற காசை விடுகிறேனே என்று வீட்டில் கோபம். அந்தச் சூட்டில் பசை தாளோடு ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது. பிரித்தால் முத்திரையும் போட்டோவும் சேர்ந்து உரிந்துவிடும். ஸ்கேன் எடுத்துவிட்டு, அசலைக் காய்ந்த உறையில் போட்டுத் தருகிறேன். எங்கள் ஊர் மழைக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தால் சரி.

ஒரு பாட்டி கொண்டுவந்த அட்டையில் குடும்பமே வரிசையாக நிற்கிற போட்டோ. இடுப்பில் ஒரு குழந்தை. "இதுல ஆறு பேரு. வந்து சேந்தது அஞ்சு. கடைக்குட்டி மண்டபத்துல காய்ச்சல்ல போயிட்டா" என்றார். அட்டையில் ஆறு பேரும் அப்படியேதான் இருக்கிறார்கள். அந்தப் பாட்டி வாய் திறக்காவிட்டால் நாமும் ஆறு என்றே எழுதிக்கொள்வோம்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம், கொழுந்து நிறுவை, கங்காணியின் அதட்டல் எல்லாம் நேரில் பார்த்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. பிள்ளைகள் திருப்பூர், கோவை என்று போய்விட்டார்கள். லைன் வீட்டைக் காலி செய்யும்போது பாத்திரம் பண்டம் போகும், காகிதம் அடுப்புக்குப் போகும்.

இலங்கைத் தமிழர்களுக்கு 'நூலகம்' இணையதளம் 2005 முதல் இருக்கிறது. மலையக (அங்குள்ள தோட்டத் தமிழர்களின்) ஏடுகளையும் அதில் ஏற்றியிருக்கிறார்கள். நமக்கு எழும்பூரில் அரசின் ஆவணக் காப்பகமே இருக்கிறது. அவர்கள் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து கூடலூர், பந்தலூர், கோத்தகிரியில் முகாம் போட்டு, அட்டைகளை ஸ்கேன் எடுத்து, பெரியவர்கள் பேசுவதையும் பதிவு செய்ய வேண்டும். அசலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. அப்படியென்றால் எங்கள் ஆட்கள் ஒருவரும் வர மாட்டார்கள்.

என் ஸ்கேனரையும் தருகிறேன், கரண்ட் இருந்தால்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை வாசகர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.