வாய்க்கால் வெட்டியவர்களுக்கு

பிச்சாவரத்துக்குப் படகுச் சவாரி வருகிறவர்கள் சுரபுன்னைக் காட்டுக்குள் நின்று படம் பிடித்துக்கொண்டு, “இயற்கை இயற்கைதான்!” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். காட்டின் பெரும்பகுதிக்கு அது சரி. ஆனால் உள்ளே ஒரு பகுதி மண்வெட்டியால் வந்தது. அந்த மண்வெட்டியைப் பிடித்தவர்களுக்கு யாரும் பொதுவில் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. காட்டுக்குப் பின்னால் குடியிருக்கிறவன் என்ற முறையில் நானாவது சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி 1970கள் வரை இங்கே கூப்பு விட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, துண்டு துண்டாக மரங்களை மொட்டையடித்தார்கள். தானாக முளைத்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். முளைக்கவில்லை. நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து தாழ்ந்து, நிலம் தாம்பாளம் மாதிரி குழிந்துவிட்டது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீருக்கு, கடல் வற்றும்போது வெளியேற வழியில்லை. தேங்கியது ஆவியாகி, உப்புதான் மிச்சம். என் சின்ன வயதில் அந்த இடம் வெள்ளை பூத்த பொட்டல். மாடு மேய்த்தும் விறகு ஒடித்தும் நாங்களே காட்டை அழித்தோம் என்றுதான் அப்போது எங்களைத் திட்டுவார்கள். கொஞ்சம் உண்மைதான், ஆனால் முழுக் கதை அதுவல்ல.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையும் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். செடி நடுவதற்கு முன்னால் தண்ணீருக்கு வழி விடவேண்டும் என்று கண்டுகொண்டதுதான் பெரிய விஷயம். அதற்காக அந்த ஆய்வாளர்களுக்கு என் முதல் கும்பிடு. ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளைகள்; மேலிருந்து பார்த்தால் மீன் முள். மேலே அகலம், அடியில் குறுகல். கன்றை அந்தச் சரிவின் நடுவில் நடவேண்டும். மேட்டில் வைத்தால் ஏற்றத் தண்ணீர் எட்டாது, அடியில் வைத்தால் மூழ்கிப்போகும். மரம் வெட்டிக் கெட்ட நிலம், வாய்க்கால் வெட்டித் தேறியது.

தொடை வரை சேற்றில் நின்று வெட்டிய அண்ணன்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். சேற்றில் மண்வெட்டி ஒட்டிக்கொள்ளும். காலை எடுத்தால் செருப்பு வராது. முருங்கைக்காய் போலத் தாய்மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் சுரபுன்னைக் காய்களைப் பொறுக்கிக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்த அக்காமார்களுக்கும் நன்றி. அப்புறம், பக்கத்தில் நிற்கும் தில்லை மரத்துப் பால் கண்ணில் படாமல் ஒதுங்கி வேலை செய்யச் சொல்லிக்கொடுத்த இருளர் பெரியவருக்கும். கன்றுகள் தலையெடுக்கும் வரை மாட்டை ஓட்டிவராமல் இருந்த வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தீவனம் விலைக்கு வாங்கியது அவர்கள்தான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடலோரத்துக் குப்பங்களில் எத்தனை உயிர் போயிற்று என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் உப்பங்கழித் தண்ணீர் மெதுவாக ஏறி, முழங்கால் அளவில் நின்று இறங்கியது. காடு மட்டுமே காப்பாற்றியது என்று சொல்லமாட்டேன். நாங்கள் கரையிலிருந்து தள்ளியும் இருக்கிறோம். 2011 தானே புயலில் என் கூரை பறந்தது, அதைக் காடு தடுக்கவில்லை. ஆனாலும் அலையின் வேகம் இந்த வேர்களுக்குள் எப்படிச் செத்துப்போகிறது என்று கண்ணால் பார்த்தவன் நான். கடல் மட்டம் ஏறிக்கொண்டே போகும் காலத்தில் இந்த வேர்கள் வண்டலைப் பிடித்துவைத்து, நிலத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துகின்றன. அவற்றின் இடுக்கில்தான் இறால் குஞ்சு வளர்கிறது. பிடித்ததைப் போட்டுவைக்கும் பறிக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கு அதுதான் அடுப்பெரிக்கிறது.

போன மாதம் ஒரு கிளை வாய்க்கால் தூர்ந்துவிட்டது. பாதி வண்டல், பாதி பிளாஸ்டிக். நாலு பேர் இறங்கித் தூர்வாரினோம், ஆனால் கரைச் சரிவு எங்களுக்குச் சரியாக வரவில்லை, மண் சரிந்துகொண்டே இருக்கிறது. அன்று வெட்டிய கை யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒருநாள் தங்கிச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போங்கள். இறால் குழம்பு நம் வீட்டில்.