அப்புச்சிக்கு: நான் தோட்டா கெட்டிக்கும் கதை

பீனிக்ஸ், அரிசோனா
16.11.2025

அன்புள்ள அப்புச்சிக்கு,

பேரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் நலம். ஐப்பசி மழையில் ஓடையில் தண்ணீர் வந்ததாகவும், கடலைக்காட்டில் மறுபடியும் பன்றி இறங்கிவிட்டதாகவும் அம்மா சொன்னார். அமுச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன வாரம் தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சிரித்து மழுப்பிவிட்டேன். "காசு குடுத்தா தோட்டா கடையிலயே கிடைக்குமாமே, அதை எதுக்குடா ஊட்டுல உக்காந்து கெட்டிக்கோணும்?" என்றீர்கள். உங்களுக்குக் காது மந்தமாகிவிட்டதால் இவ்வளவையும் போனில் கத்திச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டுவிடுவார் என்பது ஒரு காரணம். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை இல்லை என்பது மற்றொரு காரணம். ஆகவே எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். அவர்தான் என்னமோ நான் கெட்ட சகவாசத்தில் விழுந்துவிட்டதாகக் கவலைப்படுகிறார்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலை விசாவில் இருந்தவரை, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளைத் தவிர, துப்பாக்கி வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லை. நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதிக்கும் அட்டை (கிரீன் கார்டு) கைக்கு வந்த பிறகுதான் கடைப்படி ஏறினேன். 4473 என்ற எண்ணுடைய படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால், கடைக்காரர் மத்திய புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் பதிவேட்டில் பெயரைச் சரிபார்த்துவிட்டுப் பொருளைக் கொடுத்துவிடுகிறார். நீங்கள் அந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியின் உரிமத்தைப் புதுப்பிக்கத் தாலுக்கா ஆபீசுக்கும் காவல் நிலையத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடந்ததையும், தேர்தல் வரும்போதெல்லாம் அதைச் சாக்கில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வந்ததையும் பார்த்து வளர்ந்தவனுக்கு, அது இவ்வளவு எளிதாக முடிந்தது மகிழ்ச்சியைவிட அச்சத்தையே தந்தது. இந்த எளிமை நல்லதா என்று கேட்டால், இந்த நாட்டுச் செய்திகளைப் பார்க்கிற எவனும் தயங்காமல் ஆம் என்று சொல்ல மாட்டான், நானும் சொல்லவில்லை.

நான் போவது விளையாட்டுக்கு. நகருக்கு வடக்கே பென் ஏவரி என்றொரு பெரிய சுடுதளம் இருக்கிறது. மாநிலத்தின் வனவிலங்கு, மீன்வளத் துறையே அதை நடத்துகிறது. சுற்றிலும் நம் பர்கூர் மலையடிவாரம் போலவே முட்புதரும் கல்லும்தான். பனைமரம் நிற்க வேண்டிய இடத்தில் கைகளை உயர்த்திய ஆள் மாதிரி சாகுவாரோ கள்ளி நிற்கும், அவ்வளவே வேறுபாடு. கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் என்பதால் பயிற்சியெல்லாம் பொழுது கிளம்பும்போதே தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிந்துவிடும்.

விளையாட்டின் முறையை உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமானால் நம் ரேக்ளாவைத்தான் சொல்ல வேண்டும். ரேக்ளாவில் ஒவ்வொரு வண்டியும் தனித்தனியாக ஓடி நேரத்தோடு போட்டியிடுவதைப் போல, இங்கும் ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் இறங்குவார். மணிச்சத்தம் கேட்டதும் இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்து, வேலி மறைவிலும் பீப்பாய் இடுக்கிலும் நட்டிருக்கும் அட்டைப் பலகைகளை ஓடி ஓடிச் சுட வேண்டும். 1976இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் இதற்கான பன்னாட்டு அமைப்பு தொடங்கப்பட்டது. 1984இல் அமெரிக்கக் கிளை தனியாக உருவானது. துல்லியம், வலு, வேகம் என்று பொருள்படும் மூன்று லத்தீன் சொற்களே அதன் கொள்கை. நான் ஆடும் பிரிவில் பலகையின் நடுப்பகுதியில் பட்டால் 5 புள்ளி, அதற்கடுத்த பகுதியில் 3, ஓரத்தில் 1. மொத்தப் புள்ளியை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்து வருவதே மதிப்பெண். 6 குண்டையும் நடுவிலேயே போட்டு 5 விநாடி எடுத்தால் 30ஐ 5ஆல் வகுக்க 6 வரும். இரண்டை நடுவுக்கு அடுத்த பகுதியில் விட்டாலும் 4 விநாடியில் முடித்தவனுக்கு 26ஐ 4ஆல் வகுக்க 6.5 கிடைத்துவிடும். நின்று நிதானித்துக் குறி பார்க்கச் சொல்லிக்கொடுத்த உங்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். எனக்கும் முதல் ஆறு மாதம் பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பட்டியலின் அடியில் கிடந்தேன்.

வேகத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்தாலும் ஒழுங்கில் தளர்வே கிடையாது. துப்பாக்கியின் வாய், சுடும் திசைக்குக் குறுக்கே இருக்கும் கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் ஒரு கணம் திரும்பினாலும், அன்றைய போட்டி அத்துடன் முடிந்தது. வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நடுவர் சொல்லும் வரை யாரும் உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்கக்கூடாது, குண்டும் போடக்கூடாது. 'பொழுதுபோக்கு' என்ற சொல்லுக்குள் இவ்வளவு கண்டிப்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு தோட்டாவுக்கும் குறைந்தபட்ச வலு உண்டா என்பதையும் இதில் பார்ப்பார்கள். குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 125க்குக் குறையக்கூடாது. எடையைக் கிரெய்னிலும் வேகத்தை விநாடிக்கு எத்தனை அடி என்றும் சொல்வது இங்குள்ள வழக்கம். ஒரு கிரெய்ன் என்பது ஏறக்குறைய 65 மில்லிகிராம். தட்டார் தராசில் வைத்தால் ஒரு குன்றிமணியில் ஏறத்தாழப் பாதி. நான் பயன்படுத்துவது 147 கிரெய்ன் குண்டு. அது 900 அடி வேகத்தில் போனால் கணக்கு 132 வருகிறது. கடையில் கிடைக்கும் தோட்டா பெரும்பாலும் இதைவிட வலுவாக இருந்து, தேவைக்கு மேல் கையை உதைக்கும். உதைத்த கை மறுபடி குறிக்கு வர நேரமாகும். வீட்டில் கெட்டித்தால், அதாவது சுட்ட கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றினால், விதிக்குப் போதுமான வலுவுக்கு சற்று மேலே நிறுத்திக்கொள்ளலாம். பெரிய போட்டிகளில் உங்கள் தோட்டாவை வாங்கி வேகமானியில் சுட்டுப் பார்ப்பார்கள். 125க்குக் கீழே வந்தால் சுட்டது அத்தனையும் கணக்கில் சேராது. அதனால் வெயிலிலும் குளிரிலும் சோதித்து ஒரு நூலிழை மிகுதியாக வைப்பேன்.

வேலை வீட்டுக் கார் கொட்டகையில் நடக்கிறது. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சரளையிலிருந்து குனிந்து பொறுக்குவதில் தொடங்குகிறது, கடலை பிடுங்கிய காட்டில் விட்டுப்போன காய் பொறுக்குவதைப் போல. பெரிய போட்டிகளில் பொறுக்கவும் விடமாட்டார்கள். நேரமாகும் என்று எங்களைக் கூட்டிப் போய்விடுவார்கள், வயிறெரியும். பொறுக்கியதில் பிறர் கூடுகளும் கலந்திருக்கும். என் துப்பாக்கிக்கான 9 எம்.எம். கூட்டின் நீளம் 19.15 மில்லிமீட்டர், அதே அகலத்தில் 17 மில்லிமீட்டர் அளவில் இன்னொரு சிறிய கூடு வந்து ஒளிந்துகொள்ளும், அதைக் கண்ணால் பார்த்தே பிரித்தெடுக்க வேண்டும். பிறகு மக்காச்சோளச் சக்கையை அரைத்த குருணையோடு அதிரும் தொட்டியில் போட்டு மினுக்குகிறோம். அமுச்சி பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவதைப் போலச் சிலர் எலுமிச்சை அமிலம் கலந்த தண்ணீரில் கழுவுவதும் உண்டு. அம்மோனியா சேர்ந்த பாலிஷ் மட்டும் ஆகாது, பித்தளையை உள்ளிருந்தே பலவீனமாக்கிவிடும்.

பிறகு தோட்டா கெட்டிக்கும் பிரஸ். நீல நிறத்தில், நம் கணபதிப் பட்டறையில் அப்பா வைத்திருந்த கைப்பிரஸ்சின் தம்பி என்று சொல்லலாம். வட்டத் தட்டில் நான்கு நிலைகள். கூட்டை முதல் நிலையில் வைத்துக் கைப்பிடியை இறக்கினால், பழைய கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) கீழே விழுந்து, சுட்டபோது புடைத்த கூடு டையில் (அச்சில்) நசுங்கிப் பழைய அளவுக்கு வரும். கைப்பிடியை முன்னே தள்ளினால் புதிய கேப் அடியில் ஏறும். அந்தக் கேப் 'நுக்' என்று உட்காருவது விரலில் தெரியும். இரண்டாம் நிலையில் வெடிமருந்து இறங்கி வாய் சற்று விரியும், மூன்றாவதில் குண்டு அமரும், நான்காவதில் வாய் இறுகும். முடிந்த தோட்டாவின் முழு நீளம் 29.69 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. அப்பா கொடுத்த வெர்னியரால் பத்துக்கு ஒன்றை அளந்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதனைத் துளையில் போட்டுப் பார்ப்பேன். 'டொக்' என்று தானே விழுந்து தானே வெளியே வந்தால்தான் டப்பாவுக்குப் போகும். மருந்தின் அளவை நான் என் யோசனையில் தீர்மானிப்பதில்லை. மருந்து செய்பவர்களின் அச்சிட்ட கையேட்டில் கண்ட கீழெல்லையிலிருந்து தொடங்கி, சிறிது சிறிதாக ஏறுவதுதான் முறை. நீங்கள் அந்த மூங்கில் குழாயில் கரிமருந்தை அளந்து, தேங்காய் நாரை வைத்துக் கெட்டித்ததும் இந்த வேலையே. ஆனால் கரிமருந்து தீப்பொறி பட்டாலே வெடிக்கும்; நான் போடும் மருந்து திறந்த இடத்தில் எரியுமே தவிர வெடிக்காது, அடைபட்ட கூட்டுக்குள்தான் அதன் உண்மையான வேகம் தெரியும். அதே காரணத்தால் இரண்டு மடங்கு விழுந்துவிட்டால் துப்பாக்கி சிதறிவிடும்.

என் பிரஸ்சில் தட்டைக் கையால்தான் திருப்ப வேண்டும், அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். சென்ற தையில் ஒருநாள் கெட்டித்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அமுச்சி அன்று பேசியது ஞாபகம் இருக்கிறதா, மாடு கன்று போட்ட நாள். தட்டைத் திருப்பியிருந்தேன், கைப்பிடியை இறக்கவில்லை. கால் மணி நேரம் பேசிவிட்டு வந்து, எங்கே விட்டேன் என்று பாராமல் மறுபடி திருப்பினேன். நடுவில் நின்ற கூடு மருந்தே விழாமல் குண்டேற்றிக்கொண்டு மற்றவற்றோடு டப்பாவில் சேர்ந்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் ஒரு போட்டியில், ஓட்டத்தின் நடுவே நான் துப்பாக்கியின் குதிரையை (விசையை) இழுத்தபோது இடிச் சத்தத்துக்குப் பதில் 'பொக்' என்று ஒன்று கேட்டது. வேகத்தில் விரல் மறுபடி இழுக்கப் போயிருந்தது. நடுவர் "நிறுத்து" என்று கத்திய கத்தில் அது நின்றது. துப்பாக்கியைக் காலிசெய்து குழலுக்குள் கம்பியை விட்டுப் பார்த்தால், கேப்பின் தள்ளு மட்டும் பட்ட குண்டு பாதி வழியில் இறுகி நின்றிருந்தது. அடுத்த குண்டு அதன் முதுகில் மோதியிருந்தால் குழல் புடைத்திருக்கும், அல்லது பிளந்திருக்கும், விரல் போயிருக்கலாம். அந்தச் சுற்றை மறுபடி சுட விதியில் இடமில்லை. அதுவரை சுட்டதை வைத்தே கணக்கெழுதிக்கொண்டார்கள். எனக்குக் கை நடுங்கியது, அன்று எவரிடமும் பேசவில்லை.

அதன் பிறகு முறையை மாற்றிக்கொண்டேன். கொட்டகைக்குள் செல்பேசி வருவதில்லை, பாட்டு ஓடுவதில்லை. மேலே விளக்குப் பொருத்தி, குண்டை வைக்குமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்து மருந்து தெரிகிறதா, எல்லாவற்றிலும் ஒரே உயரமா என்று உறுதிசெய்துகொள்கிறேன். இடையில் எழுந்தால், தட்டில் நிற்கும் நான்கு கூடுகளையும் எடுத்துவிட்டுத்தான் எழுவேன். மணிக்கு 400 செய்யலாம் என்று சொல்லப்படும் இயந்திரத்தில் நான் 250க்கு மேல் செய்வதில்லை. இப்போது புரிகிறதா, நான் அழைப்பை எடுக்காமல் இரவு கூப்பிடுவது எதற்கென்று?

மிச்சமாகிறதா என்றால், தோட்டா ஒன்றுக்கு 5, 6 சென்ட் கடை விலையைவிடக் குறைகிறது. மாதம் 600 சுடுகிறேன். 30 முதல் 36 டாலர் மிச்சம் என்று கணக்குச் சொல்லலாம். ஆனால் பிரஸ், தராசு, வேகமானி என்று ஆயிரம் டாலருக்கு மேல் போட்டிருக்கிறேன், அதுவும் மலிவாய் வருகிறதே என்று முன்னைவிட அதிகமாகச் சுடுகிறேன். உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. 2020, 21இல் தோட்டாவுக்கும் கேப்புக்கும் நாடு முழுவதும் தட்டுப்பாடு வந்து விலை ஏறிய கதையை இங்குள்ள மூத்தவர்கள் சொல்வார்கள்; ஒரு மூட்டை விதைக்கடலை எடுத்து வைப்பதைப் போலச் சிறிது கையிருப்பு வைத்திருப்பது அந்தப் பயத்தில்தான்.

அம்மாவின் கவலைக்கு: கேப் எரிந்த தூசியிலும் குண்டிலும் ஈயம் உண்டு என்பதால் கையுறை போட்டுத்தான் வேலை, முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன், அந்தச் சட்டையோடு பாப்பாவைத் தூக்குவதில்லை. மருந்தும் கேப்பும் வெவ்வேறு அலமாரியில், அவை வந்த டப்பாவிலேயே பூட்டி இருக்கின்றன. துப்பாக்கி இரும்புப் பெட்டியில். சுடும்போது காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. ஒரு வெடியின் சத்தம் ஏறக்குறைய 160 டெசிபல் என்கிறார்கள், அந்தக் காலத்தில் எதுவும் மூடாமல் சுட்ட உங்கள் காதைக் கேட்டாலே தெரியும். தினமும் கால் மணி நேரம் வெற்றுத் துப்பாக்கியோடு பயிற்சி செய்வேன், தோட்டா ஒன்றுகூட அந்த அறையில் இராது. குழல் நுனியில் இருக்கும் முன்குறியின் மேல் ஒரு காசை வைத்து, அது விழாமல் குதிரையை இழுக்க வேண்டும். முதலில் பத்துக்கு ஒன்பது விழுந்தது. இப்போது பத்துக்கு இரண்டு. நீங்கள் பரணில் உட்கார்ந்து மூச்சைப் பாதியில் நிறுத்தச் சொன்னது இதற்கும் பயன்படுகிறது.

அந்த மூங்கில் அளவுக்குழாய் இன்னும் அட்டாலியில் இருந்தால் கரையானுக்கு விடாமல் எடுத்து வையுங்கள், இங்கே அனுப்ப வேண்டாம்; கஸ்டம்சில் விளக்கம் சொல்லி மாளாது. ஆடியில் குருநாதசாமி நோம்பிக்கு வருகிறோம். அந்தியூர்ச் சந்தையில் குதிரையெல்லாம் பார்த்த பிறகு பலூன் சுடும் கடைக்குப் போகலாம். அந்தக் கடைத் துப்பாக்கியின் குழல் இடப்பக்கம் இழுக்கும் என்று நீங்கள் சின்ன வயதில் காதில் சொன்னதை மறக்கவில்லை, ஆகவே பந்தயம் கட்டும்போது அதை என்னிடமிருந்து மறைக்க முடியாது.

இப்படிக்கு,
உங்கள் அன்புப் பேரன்