பணத்தை எங்கே போடுவது என்று கேட்டாயே

அன்புள்ள மாப்ளே,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்; அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. வீட்டில் எல்லோரும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வாத்தியாரைப் பற்றி நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன். அவர் திருந்தமாட்டார், விட்டுவிடு.

போரிலும் அடக்குமுறையிலும் சிக்கிய நாடுகளின் ஜனநாயகத்துக்கு உதவ ஒரு நிதிக்குழு, அதில் நீ உறுப்பினர்! ஒன்று அவர்களுக்கு உன்னைத் தெரியாது, இல்லை மிக நன்றாகத் தெரியும். நீ அனுப்பிய மூன்று விண்ணப்பங்களையும் படித்தேன். தலைப்பைப் பார்த்து மயங்குகிற ஆள் நீ என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் வெளிநாட்டுப் பிரமுகர்களை விமானத்தில் கொண்டுபோய் இறக்கும் அந்த முதல் விண்ணப்பத்தைத் தள்ளிவிடு. ஒரு குழு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு வாக்குச்சாவடி பார்க்கும், மறுநாள் விடுதியில் பத்திரிகையாளர் சந்திப்பு, அதற்கு மறுநாள் விமானம். வார்சாவில் இருக்கும் ஐரோப்பியப் பாதுகாப்பு அமைப்பின் தேர்தல் அலுவலகம் போன்றவர்கள் பல வாரங்களுக்கு முன்பே ஆட்களை அனுப்பி, வேட்பாளர் பதிவு, வழக்குகள், ஊடக நேரம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். அது வேறு வேலை. இந்த இரண்டு நாள் கூட்டத்தால் ஆட்சியாளருக்கு ஒரு புகைப்படம் கிடைக்கும், அவ்வளவுதான். பெலாரஸில் 2020 தேர்தலுக்கு முன்பே முக்கியமான போட்டியாளர்களைச் சிறையில் போட்டாயிற்று. வெனிசுவேலாவில் எதிர்க்கட்சித் தலைவர் மரியா கொரினா மச்சாடோவைப் போட்டியிடவே விடவில்லை. வாக்குச்சாவடிக்குள் நின்று பார்த்தால் இதெல்லாம் எங்கே தெரியும்?

இரண்டாவது விண்ணப்பம் இணை எண்ணிக்கை, அதாவது அதிகாரிகளின் கணக்குக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு கணக்கு. இதைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஏனென்றால் இது சரியாகச் செய்தால் மிக மலிவான ஆயுதம், தப்பாகச் செய்தால் ஆட்சியாளர் கையில் நாமே கொண்டுபோய்க் கொடுக்கும் தடி.

அடிப்படை எளிது. எண்ணி முடிந்ததும் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒரு முடிவுப் படிவம் எழுதுகிறார்கள். பட்டியலில் எத்தனை பேர், வந்த சீட்டு எத்தனை, செல்லாதது எத்தனை, யாருக்கு எத்தனை. திருட்டு பெரும்பாலும் இந்தப் படிவத்துக்கும் தலைநகரத்தில் அறிவிக்கும் கூட்டுத்தொகைக்கும் நடுவில் நடக்கிறது. ஆகவே நாடு முழுவதிலிருந்தும் குலுக்கல் முறையில் ஆயிரம் சாவடிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற ஒரு உள்ளூர் ஆளை உட்காரவைத்து, அந்தப் படிவத்தின் எண்களை அன்றிரவே வாங்கிக் கூட்டினால், உண்மையான முடிவுக்கு ஓரிரு சதவீதத்துக்குள் வந்துவிடலாம். நாடு சிறிதா பெரிதா என்பது கிட்டத்தட்டப் பொருட்டே இல்லை. ஆனால் பிழையைப் பாதியாகக் குறைக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும்; ஆகவே "ஐயாயிரம் சாவடி" என்று விண்ணப்பத்தில் யாராவது பெருமையடித்தால் பணத்தை வீணாக்கப் பார்க்கிறார்கள் என்று பொருள். சிலியில் 1988 அக்டோபர் 5 அன்று ராணுவ ஆட்சியாளர் பினோசே தான் பதவியில் நீடிக்கலாமா என்று நடத்திய பொதுவாக்கெடுப்பில் இப்படித் தனியாக எண்ணியவர்கள் இருந்ததால்தான் "வேண்டாம்" பக்கம் ஜெயித்ததை ஆட்சி நெடுநேரம் மூடிவைக்க முடியவில்லை.

இப்போது எங்கே கெடும் என்று சொல்கிறேன். முதலாவது, மாற்றுச் சாவடி. மலைக் கிராமத்துக்குப் போகவேண்டியவன் சாலை சரியில்லை என்று பக்கத்து ஊர்ச் சாவடியில் உட்கார்ந்துவிடுவான். ஒருவன் செய்தால் பரவாயில்லை. நூறு பேர் செய்தால் மாதிரி முழுக்க நகரத்துப் பக்கம் சாய்ந்துவிடும், அதை எந்தக் கணக்கும் நிமிர்த்தாது. மாற்றுச் சாவடி கூடவே கூடாது என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்க வேண்டும். காலையில் சாவடி திறக்கும் நேரத்துக்கே ஒரு குறுஞ்செய்தி, "வந்துவிட்டேன்" என்று. அது வராத ஆளைக் கட்டுப்பாட்டு அறை உடனே கூப்பிட வேண்டும். எண்ணிக்கை தொடங்கும் வரை பொறுத்திருந்தால் ஒன்றும் செய்யமுடியாது.

இரண்டாவது, எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பும்போது விரல் தப்பும். ஆகவே கட்சிவாரி எண்கள், செல்லாதவை, மொத்தம் எல்லாமே தனித்தனியாக வரவேண்டும். கூட்டினால் மொத்தம் வராவிட்டால் கணினி அதை ஒதுக்கிவைத்து, ஒரு ஆள் திரும்பக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும். இதற்கு இரவு முழுக்க உட்காரும் தொலைபேசி ஆட்கள் தேவை. உன் விண்ணப்பத்தில் அந்தச் செலவே இல்லை, கவனித்தாயா? செயலிக்கு மட்டும் கொட்டிக் கொடுத்திருக்கிறார்கள். செயலி செய்பவர்களுக்கு எப்போதும் நல்ல நேரம்தான்.

மூன்றாவது, அவசரம். பக்கத்துச் சாவடிகள் முதலில் வந்துசேரும், தொலைதூரத்தவை விடியும்போது வரும். பாதி வந்ததும் யாராவது உளறிவிட்டால் பிறகு எண் நகரும்போது "மாற்றிவிட்டார்கள்" என்ற கூச்சல். பொலிவியாவில் 2019 அக்டோபரில் நடந்ததைப் பார். அது அதிகாரபூர்வ விரைவு எண்ணிக்கைதான். சுமார் 84 சதவீதத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தார்கள். இடைவெளிக்குப் பின் அப்போதைய அதிபர் ஈவோ மொராலஸின் முன்னிலை கூடியிருந்தது. நாடே பற்றிக்கொண்டது. அமெரிக்க நாடுகள் அமைப்பு மோசடி என்றது. அதன் புள்ளிவிவர வாதம் நிற்காது என்று பிறகு வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். சண்டை இன்றுவரை தீரவில்லை. நிறுத்தாமல் விட்டிருந்தால் பாதிச் சண்டைக்கு வேலையே இல்லை.

நான்காவது, தொலைபேசி செத்துப்போவது. பெலாரஸில் வாக்குப்பதிவு நாளான 2020 ஆகஸ்ட் 9 தொடங்கி ஏறக்குறைய மூன்று நாள் இணையம் முடங்கிக் கிடந்தது. அங்கே கொரோனாவைச் சாக்காக வைத்துப் பார்வையாளர்களின் எண்ணிக்கையையும் சுருக்கிவிட்டார்கள். பலர் வெளியே நின்று எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்றுதான் எண்ண முடிந்தது. மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாகத் தெரியட்டும் என்று சீட்டை விசிறி மடிப்பாக மடித்துப் போட்டார்கள். லட்சக்கணக்கானோர் சீட்டைப் படமெடுத்து ஒரு தளத்துக்கு அனுப்பினார்கள். அதிபர் லுகஷென்கோவுக்கு 80 சதவீதம் என்று அறிவித்தபோது, பல சாவடிகளில் அந்தக் கணக்குப் பச்சைப் பொய் என்று காட்ட அது போதுமாக இருந்தது. ஆனால் இது மாதிரி அல்ல, விரும்பி வந்தவர்களின் தொகுப்பு. "இந்தச் சாவடியில் பொய்" என்று காட்டலாம், "நாட்டில் இத்தனை சதவீதம்" என்று சொல்ல முடியாது. இந்த வித்தியாசத்தை உன் குழுவில் யாராவது குழப்பினால் அங்கேயே நிறுத்து.

வெனிசுவேலா 2024 ஜூலை 28 இன்னும் ஒரு படி மேலே. அங்கே வாக்கு இயந்திரமே சாவடி முடிவைத் தாளில் அச்சடிக்கும், கட்சி முகவருக்கு ஒரு பிரதி உண்டு. எதிர்க்கட்சி மாதக்கணக்கில் தயார் செய்தது இயந்திரத்தை உடைக்க அல்ல. அந்தத் தாளை முகவர் கையெழுத்தோடு வாங்கி, அன்றிரவே வெளியே கொண்டுவந்து, அதிலிருக்கும் குறியீட்டுச் சதுரத்தோடு (QR) ஸ்கேன் செய்ய. 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட தாள்களை இணையத்தில் போட்டுவிட்டார்கள். அவற்றின்படி எதிர்க்கட்சி வேட்பாளர் எட்முண்டோ கொன்சாலஸுக்கு ஏறக்குறைய 67 சதவீதம். தேர்தல் ஆணையமோ அப்போதைய அதிபர் மதுரோவுக்கு 51 சதவீதத்துக்கு மேல் என்றது, சாவடிவாரி முடிவை வெளியிடவே இல்லை. வெளிநாட்டுப் பார்வையாளர் எவருடைய அறிக்கையும் அந்தத் தாள்களுக்கு ஈடாகாது.

அப்படியும் 2025 ஜனவரியில் மதுரோதான் பதவியேற்றார். அதனால்தான் சொல்கிறேன், படிவத்தால் பொய்யை நிரூபிக்கலாம், துப்பாக்கியைத் தடுக்க முடியாது. ஜிம்பாப்வேயில் 2008 மார்ச்சில் ஒவ்வொரு சாவடி வாசலிலும் முடிவை ஒட்டவேண்டும் என்று சட்டம் இருந்தது. ஒட்டியதைக் கைபேசியில் படமெடுத்துக் கூட்டினார்கள். அதிபர் முகாபேயை ஜெயித்தவராக அறிவிக்க வழியில்லாமல் போயிற்று. ஐந்து வாரம் இழுத்து, எதிர்க்கட்சித் தலைவர் ஸ்வாங்கிராய்க்கு 47.9 சதவீதம், முகாபேக்கு 43.2 என்றார்கள். பாதிக்கு மேல் யாருக்கும் இல்லை, ஆகவே இரண்டாம் சுற்று. அந்த இடைவெளியில் ஊர் ஊராக அடி, கொலை. ஸ்வாங்கிராய் விலகிக்கொண்டார். எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்த எவரும் அந்த இடைவெளிக்கு ஒரு காசும் ஒதுக்கியிருப்பதை நான் பார்த்ததில்லை. படிவத்தில் கையெழுத்திட்ட முகவருக்கு வழக்கறிஞர், மருத்துவச் செலவு, சில மாதம் வேறு ஊரில் தங்க வாடகை: இதை விண்ணப்பத்தில் தனி வரியாகப் போடச் சொல். போடாவிட்டால் நிதியே கிடையாது என்று சொல். அந்த ஆட்களை வாசலில் நிறுத்திவிட்டு நாம் கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது.

வாக்காளர் பட்டியலைப் பற்றியும் கேள். மியான்மரில் 2020 நவம்பரில் ஆங் சான் சூகியின் தேசிய ஜனநாயக லீக் கட்சி 396 இடங்களைப் பிடித்தது. பட்டியலில் ஒரு கோடியை ஒட்டிக் குளறுபடி என்று சொல்லித்தான் ராணுவம் 2021 பிப்ரவரி 1 அன்று ஆட்சியைப் பிடித்தது. பட்டியல் சுத்தமாக இருந்தாலும் வேறு சாக்கைத் தேடியிருப்பார்கள் என்பாய். இருக்கலாம். ஆனால் பட்டியல் தணிக்கை மலிவு: பட்டியலிலிருந்து பெயர்களை உருவி வீட்டுக்குப் போய் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது ஒரு பக்கம், வீட்டிலிருக்கும் ஆட்களைக் கேட்டுப் பட்டியலில் தேடுவது இன்னொரு பக்கம். இரண்டையும் செய்யவேண்டும். முதலாவது இறந்தவர்களையும் இடம்பெயர்ந்தவர்களையும் காட்டும், இரண்டாவது விடுபட்டவர்களைக் காட்டும். பாதி ஆட்கள் முதலாவதை மட்டும் செய்துவிட்டு அறிக்கை எழுதிவிடுகிறார்கள்.

உக்ரைனைப் பற்றி நீ கொஞ்சம் கோபமாக எழுதியிருந்தாய், "தேர்தலே நடத்தாதவர்களுக்கு எதற்கு உதவி" என்று. பொறு. 2022 பிப்ரவரி 24 முதல் அங்கே ராணுவச் சட்டம் அமலில் இருக்கிறது, நாடாளுமன்றம் அதைத் தொண்ணூறு தொண்ணூறு நாளாக நீட்டித்துவருகிறது. அந்தச் சட்டம் இருக்கும்வரை தேர்தல் கூடாது என்பது போருக்கு முன்பே எழுதிய விதி. போர் முடிந்து குறைந்தது ஆறு மாதமாவது வேண்டும் என்று நாடாளுமன்றக் கட்சிகள் 2023-இல் ஒத்துக்கொண்டிருக்கின்றன, எனக்கு அதுவே குறைவாகப் படுகிறது. லட்சக்கணக்கானோர் நாட்டை விட்டுப் போயிருக்கிறார்கள். வெளிநாட்டில் வாக்குச்சாவடி என்றால் தூதரகம், துணைத்தூதரகம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த அறைகளில் எத்தனை பேர் நிற்க முடியும்? சட்டத்தைத் திருத்தி வேறு கட்டடங்களை எடுக்கவேண்டும், அதற்கு அந்தந்த நாட்டின் அனுமதி வேண்டும். மால்டோவா 2024-இல் வெளிநாடுகளில் 231 சாவடிகள் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வது பற்றிய பொதுவாக்கெடுப்பு 50.35 சதவீதத்தில் தப்பியது அந்த ஓட்டுகளால்தான். அப்புறம் படைவீரர்களின் ஓட்டு, தளபதி பார்க்காதபடி. கண்ணிவெடி அகற்றாத பள்ளிக்கூடத்தில் சாவடி வைக்கமுடியாது. இந்தப் பட்டியலைத் தயாரிக்கும் உள்ளூர்க் குழுக்களுக்கு இப்போதே சம்பளம் கொடு. போர் நின்ற மறுநாள் விண்ணப்பம் கேட்டால் காலம் கடந்துவிடும்.

மூன்றாவது விண்ணப்பம் சொந்த நாட்டை விட்டு வெளியேறி இயங்கும் ஊடகத்துக்கு. கொடு, ஆனால் திட்டத்தோடு கட்டாமல் பொதுச் செலவுக்குக் கொடு. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது வாடகையும் சர்வர் கட்டணமும் கட்ட முடியாமல் தவித்த செய்தி நிறுவனங்கள் எத்தனை! ஒரே கொடையாளரிடம் பாதிக்கு மேல் வாங்குபவரிடம் இரண்டாவது கொடையாளரைத் தேட உதவுவதும் உன் வேலைதான். மூன்று மாதக் கையிருப்பு வைக்க அனுமதி கொடு. வருட முடிவில் மிஞ்சியதைத் திருப்பிக் கேட்கும் நிபந்தனையை உன் குழுவின் கணக்கர் விரும்புவார், நீ அடித்துவிடு.

ஜார்ஜியாவிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு மட்டும் நேராகப் பணம் அனுப்பிவிடாதே. 2024 மே மாதச் சட்டப்படி வெளிநாட்டுப் பணம் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்நியச் சக்தியின் நலன் காப்பவர் என்று பதிவு செய்யவேண்டும், தவறினால் 25,000 லாரி (அந்த நாட்டு நாணயம்) அபராதம். 2025 ஏப்ரலில் மானியச் சட்டத்தையும் திருத்தி, வெளிநாட்டு மானியத்துக்கு அரசு அனுமதி வேண்டும் என்றாக்கிவிட்டார்கள். எவ்வளவு ஆபத்தை ஏற்பது என்று முடிவு செய்யவேண்டியது அங்கே இருப்பவர், நீ அல்ல. அவர்களுடைய வழக்கறிஞரைக் கேட்ட பிறகே அடுத்த அடி. ஆண்டறிக்கையில் பெயர், குழுப் படம் எதுவும் கேட்காமல் போடாதே.

பெலாரஸ்காரர்களுக்குக் கருத்தரங்கு வைப்பதைவிட ஒரு காகிதம் முக்கியம். 2023 செப்டம்பர் 4 ஆணைக்குப் பிறகு அவர்களுடைய தூதரகங்கள் கடவுச்சீட்டைப் புதுப்பித்துத் தருவதில்லை. புதுப்பிக்க ஊருக்குத்தான் போகவேண்டும், போனால் கைதாகலாம். போலந்திலும் லிதுவேனியாவிலும் வெளிநாட்டவருக்கான பயண ஆவணம் வாங்க மனு எழுதித் தரும் வழக்கறிஞர் ஒருவருக்குச் சம்பளம் கொடு. கடவுச்சீட்டு காலாவதியானவர் வங்கிக் கணக்கு திறக்கவும் வீடு எடுக்கவும் படும் பாட்டை அந்த ஒருவரால் நிறையக் குறைக்கமுடியும்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் இரண்டாவது விண்ணப்பதாரரிடம் மூன்று கேள்வி கேட்டு எழுது: மாதிரியை யார் உருவியது, ஒத்திகை எத்தனை முறை, வித்தியாசம் பிழை வரம்புக்குள் வந்தால் என்ன அறிவிப்பார்கள்? மூன்றாவதற்கு "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றால் கையெழுத்துப் போடாதே.

வீட்டில் கேட்டதாகச் சொல். வாத்தியாருக்கு நான் தரவேண்டிய புத்தகம் உன்னிடம்தான் இருக்கிறது, மறுக்காதே.

அன்புடன்,
உன் பழைய தலைவலி

பி.கு.: அந்தப் பிரமுகர் விண்ணப்பத்தில் தலைக்கு ஒரு வெள்ளை மேலங்கி, சின்னம் பொறித்தது, என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிட்டு அந்தத் தொகையைத் தொலைபேசி ஆட்களுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்.